அடுப்பூதிகள்

அந்தக் கோடையில் நாங்கள் எந்த ஊரிலும் இரண்டு முறை ரொட்டி சுடவில்லை. பிசைந்த மாவு புளிப்பதற்குள் கூடாரத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது. மேற்கிலிருந்து சுல்தானின் படை வந்துகொண்டிருந்தது. அதற்கு இரண்டு நாள் தூரம் முன்னால், கிழக்கே பின்வாங்கியபடி, நாங்கள் வயல்களுக்குத் தீ வைத்துக்கொண்டு போனோம்.

நாங்கள் என்றால், என் கணவர் யோல்குலி, அவருக்குக் கீழே நாற்பது குதிரை வீரர்கள், கூட நான். எங்கள் துருக்மென் பெண்கள் படையோடு போவது புதிதல்ல. மாற்றுக் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்போம். தேவைப்பட்டால் வில்லும் எடுப்போம். எங்கள் ஆண்கள் பன்னிரண்டு மடிப்பு வைத்த சிவப்புத் தொப்பி அணிவார்கள், மடிப்புக்கு ஓர் இமாம், அலியில் தொடங்கி நபியின் வழிவந்த பன்னிரண்டு பேர். சுல்தானின் ஆட்கள் அதைப் பார்த்து எங்களைச் செந்தலையர் என்று கேலி செய்தார்கள். நாங்கள் அதையே எங்கள் பெயராக எடுத்துக்கொண்டோம். ஷா எங்களுக்கு அரசர் மட்டுமில்லை, குருவும் அவர்தான். அவர் தோற்பார் என்று யாராவது சொன்னால், நாளைக்குச் சூரியன் மேற்கே உதிக்கும் என்று சொன்னதைப் போலச் சிரிப்போம்.

எர்சின்ஜானிலிருந்து எங்கள் தலைநகர் தப்ரீஸ் வரை ஒரு பிடி தானியமோ ஒரு கட்டு வைக்கோலோ மிஞ்சக் கூடாது என்பது எங்களுக்கு வந்த ஆணை. சனங்களை மாடு கன்றுகளோடு கிழக்கே ஓட்டிவிட வேண்டும். நூறாயிரம் வயிறு வருகிறது, அதை வெறும் சாம்பலில் நடக்க வையுங்கள் என்றார்கள்.

யோல்குலிக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காத வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர் அவர். காலையில் எழுந்ததும் விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். பிறகு நாள் முழுக்கத் திரும்பித் திரும்பி மேற்கே பார்ப்பார். சாப்பிடும்போதும் பார்ப்பார். பேச்சின் நடுவே எழுந்து போய்ப் பார்ப்பார். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. என் குதிரை கூட நின்ற இடத்தில் நிற்காமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது. எங்கள் துணியில், தலைமுடியில், குடிக்கிற மோரில் எல்லாம் புகை நாற்றம்.

ஆடி வெயிலில் நாங்கள் அக்புலாக்குக்கு வந்தோம். அது நான் பிறந்த ஊர்.

கோதுமை தலை சாய்ந்து முற்றி நின்றது. என் அண்ணன் புடாக் வயலோரத்தில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க மாப்ள. விருந்துக்கு வந்தீங்களா, வேலைக்கு வந்தீங்களா?"

"வேலைக்குத்தான் மச்சான்."

"அப்ப குதிரைய விட்டு எறங்க வேண்டாம். எறங்கிட்டா நான் சோறு போடணும். சோறு தின்ன வீட்டுக்கு நீங்க தீ வெக்கணும். ரெண்டு பேருக்கும் கஷ்டம்."

யோல்குலி இறங்கினார். "அண்ணே, வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு," என்றேன் நான்.

"நான் சும்மாதாம்மா இருக்கேன். வெதச்சதுலேர்ந்து சும்மாதான் இருக்கேன். நாலு நாள் குடுங்க மாப்ள, அறுத்து எடுத்துக்கறேன். அப்பறம் வயல்ல நிக்கற தாளுக்கு என்ன வேணா பண்ணுங்க."

"நாலு நாள்ல சுல்தான் ஆளுங்க உன் கூரையப் பிரிச்சுக் குதிரைக்குப் போட்டிருப்பாங்க."

"கூரை போனா போகட்டும். கூரைய எப்ப வேணா வேய்ஞ்சுக்கலாம், கோதுமை எப்ப வேணா வெளையாது."

யோல்குலி வயலோரமாக நடந்தார். மேற்கே மேட்டின் மேல் எதுவும் இல்லை. ஒரு கழுகு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பின்னாலேயே போனேன்.

"ஒரு நாள் குடுங்க," என்றேன். "நம்ம ஆளுங்க நாப்பது பேரு சும்மா நிக்கறாங்க. அவங்களையும் எறக்குங்க."

"வேற ஊர்ல குடுத்தேனா?"

"குடுக்கல. வேற ஊர்ல நான் கேக்கல."

அவர் மறுபடி மேற்கே பார்த்தார். "நாளைக்கு உச்சி வரைக்கும்," என்றார்.

ஊர் முழுக்க வயலில் இறங்கியது. எங்கள் வீரர்களும் இறங்கினார்கள். அரிவாள் கிடைக்காதவர்கள் வாளால் அறுத்தார்கள். ஊர்ப் பெண்கள் அதைப் பார்த்து, "யப்பா, கோதுமை ஒன்னத் திருப்பியா வெட்டப் போவுது? மெதுவா அறு," என்று சிரித்தார்கள். இரண்டு மாதமாகத் தீ மட்டும் வைத்த கைகள் அவை. அன்றைக்கு அந்த ஆண்கள் குனிந்து அறுத்ததைப் பார்த்தால், யாரோ அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது போல இருந்தது. யோல்குலி மட்டும் அறுக்கவில்லை. மேட்டில் நின்றபடி மேற்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் உச்சிக்கு முன்பே தூசி தெரிந்தது. முன்னால் வந்த சின்னப் படை அது, கொள்ளையடிக்கிற குதிரைக்காரர்கள். பாதி வயல் இன்னும் நின்றது. அறுத்ததை வண்டிகளில் ஏற்றிக் கட்டினோம். யோல்குலியின் ஆள் ஒருவன் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு வந்தான். அண்ணன் அதை அவன் கையிலிருந்து வாங்கினான்.

"என் வயலுக்கு நானே வெக்கறேன்."

"மச்சான், விடு."

"இல்ல மாப்ள. நீங்க வெச்சா சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன். நான் வெச்சா வாய மூடிக்கலாம்."

வைத்தான். காற்று எங்களுக்குச் சாதகமாக இருந்தது. முற்றிய கோதுமை எரிகிற சத்தம் மழை பெய்கிற மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டால் மழை என்றே நினைப்பீர்கள். அண்ணி வண்டி மேல் உட்கார்ந்து, பிள்ளைகளின் முகத்தைத் தன் முக்காட்டால் மூடிப் பிடித்திருந்தாள். வண்டிகள் அராஸ் ஆற்றை நோக்கிப் போயின. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. வாயையும் மூடிக்கொள்ளவில்லை. ஆற்றுப் பாதை திரும்பும்வரை அவன் மாட்டைத் திட்டுகிற சத்தம் கேட்டது. அந்தத் திட்டெல்லாம் மாட்டுக்கு இல்லை.

அதற்குப் பிறகு சில நாட்களில் எங்களுக்கு ஒரு கைதி கிடைத்தான். கைதி என்று சொல்வதே தப்பு. அவனாகவே எங்கள் புகையைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்து கையைத் தூக்கினான். சுல்தானின் துப்பாக்கிக் காலாட்படையைச் சேர்ந்த ஜானிசரி. கரகோஸ் என்று பெயர். வெள்ளைக் கம்பளித் தொப்பி தோளில் தொங்கியது. செருப்பு இல்லை. பாதத்தில் துணி சுற்றியிருந்தான், துணி கறுத்துப் போயிருந்தது. நான் கொடுத்த உலர்ந்த தயிர்க்கட்டியை மெல்லாமல் விழுங்கிவிட்டு, "அக்கா, இன்னொன்னு இருக்குமா?" என்றான்.

"எதுக்கு ஓடி வந்த?" என்று கேட்டார் யோல்குலி.

"பசிங்க."

"பசிக்கு எல்லாருமா ஓடி வந்துட்டாங்க?"

"வருவாங்க. எங்க ஆளுங்க கிழிஞ்ச செருப்ப ஈட்டியில மாட்டி சுல்தான் கூடாரத்துக்கு எதுக்க நட்டு வெச்சிருக்காங்க. ஒருநாள் கூடாரத்தப் பாத்து சுட்டே போட்டாங்க. ஒட்டகம் செத்தா அடிச்சிக்கிட்டுத் திங்கறோம். எங்க பாத்தாலும் சாம்பல். அந்தச் சாம்பல்ல நடந்து நடந்து மூக்கச் சிந்தினா கறுப்பா வருது." அவன் இரண்டாவது கட்டியை வாயில் போட்டுக்கொண்டான். "அதுவும் இல்லாம, நாங்களும் அலி பேரச் சொல்லித்தான் சாப்பிட உக்காருவோம். நீங்களும் அவரு பேரத்தான் சொல்றீங்க. அப்பறம் எதுக்கு உங்களச் சுடணும்னு எங்க பிரிவுக்குச் சோறு வேகற கொப்பரையச் சுத்தி உக்காந்து பேசிக்கிறோம். தளபதிங்களுக்கு இதுதான் பயம்."

யோல்குலி எழுந்து நடந்தார், திரும்பி வந்தார், மறுபடி நடந்தார். இரண்டு மாதத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் வெளிச்சம் பார்த்தேன்.

"கேட்டியா அய்னா? வேலை செய்யுது. தீ வேலை செய்யுது. இன்னும் ஒரு மாசம் இவங்கள இப்படியே இழுத்துட்டுப் போனா, ஒரு அம்பு விடாம திரும்பிடுவாங்க."

அவனை எங்கள் குதிரையிலேயே ஏற்றிக்கொண்டு பெரிய முகாமுக்கு விரைந்தோம். சால்திரான் சமவெளியில் ஷாவின் படை இறங்கியிருந்தது. எத்தனை வண்ணக் கூடாரங்கள், எவ்வளவு நல்ல குதிரைகள்! எங்கள் ஆட்கள் முகத்தில் கரியோடு உள்ளே நுழைந்தபோது ஷாவின் தளபதிகளான கான்களின் மெய்க்காவலர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அடுப்பூதிங்க வந்துட்டாங்கடா," என்றான் ஒருத்தன். "கஞ்சி கொதிச்சிடுச்சான்னு பாரு."

யோல்குலி ஆலோசனைக் கூடாரத்துக்குள் போனார். நான் வெளியே குதிரைகளோடு நின்றேன், கரகோஸ் என் காலடியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே முதலில் பேச்சு கேட்டது. பிறகு சிரிப்பு. அப்புறம் பெரிய சிரிப்பு. கரகோஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அக்கா, உங்க ஆளுங்க சந்தோஷமா இருக்காங்க போல."

"வாய மூடு," என்றேன்.

யோல்குலி வெளியே வந்தார். கடிவாளத்தை என் கையிலிருந்து வாங்கினார், எதற்கு வாங்கினோம் என்று தெரியாமல் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சொன்னாங்க?"

"நாம என்ன வழிப்பறிக்காரங்களா, சோத்தப் பறிச்சு ஜெயிக்கன்னு கேட்டாங்க. ஆம்பளைங்க வெட்டவெளியிலதான் சண்டை போடுவாங்களாம்."

"வழியில இவன் பீரங்கியப் பத்திச் சொன்னானே, அதச் சொன்னீங்களா?"

"சொன்னேன். இவன் சொன்னதெல்லாம் சொன்னேன். வண்டிங்கள சங்கிலியால பிணைச்சு அதுக்குப் பின்னால வெச்சிருக்காங்க, நேரா போய் முட்டக் கூடாது, அவங்க மேட்டுலேர்ந்து எறங்கும்போதே அணி சேர விடாம அடிக்கணும்னு சொன்னேன். என்ன மாதிரியே இன்னொரு பெரியவரும் சொன்னாரு. முடிவு ஆயிடுச்சாம். அவங்க எறங்கட்டும், வரிசை கட்டட்டும், அப்பறம் அடிப்போமாம். அதுதான் மரியாதையாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது? அடுப்பூதி என்ன சொல்றது?"

ஒரு மெய்க்காவலன் வந்து கரகோஸை இழுத்துப் போகப் பார்த்தான், வெட்டிவிடலாம் என்று. யோல்குலி நடுவில் போய் நின்றார். "இவன் என் ஆளு. குதிரைக்குப் புல்லுப் போட வெச்சிருக்கேன்." அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்றைக் கேட்டு அந்த மெய்க்காவலன் திரும்பிப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் சுல்தானின் படையினர் மேட்டிலிருந்து இறங்கினார்கள். உறங்காமல், ஓய்வெடுக்காமல் நடந்து வந்த கூட்டம் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. சரிவில் வரிசை கலைந்தது, ஒட்டகங்கள் முட்டிக்கொண்டன, வண்டிகள் குடை சாய்ந்தன. எங்கள் படை கீழே அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் இடது அணியில் இருந்தோம். யோல்குலி சேணத்தில் எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தார். பக்கத்திலிருந்தவர்களும் அப்படித்தான். ஒருத்தரும் தண்ணீர் குடிக்கவில்லை.  குதிரைகள் மட்டும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

"இப்ப," என்றார் யோல்குலி மெதுவாக. யாரிடமும் சொல்லவில்லை. "இப்ப போகணும்."

எதிரே வண்டிகள் ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்தன. சங்கிலி மாட்டுகிற சத்தம் காற்றில் வந்தது.

"இப்பவாவது."

நான் பின்னால் மாற்றுக் குதிரைகளோடு நின்றேன். கரகோஸ் இரண்டு குதிரைகளின் கடிவாளத்தைப் பிடித்திருந்தான். தன் பழைய ஆட்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறிய பிறகுதான் முரசு ஒலித்தது. யோல்குலி என்னைத் திரும்பிப் பார்த்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, எல்லாச் சிவப்புத் தொப்பிகளும் ஒன்று போல முன்னால் சாய்ந்தன. வலப்பக்கம் ஷாவின் அணி பாய்ந்ததைப் பார்த்தேன். அங்கே எதிரியின் வரிசை பானை உடைவது போல உடைந்தது. எங்கள் ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். நானும் கத்தினேன். அந்தக் கணத்தில் கூடாரத்துக்குள் சிரித்தவர்கள் சொன்னதுதான் சரி என்று எனக்கும் தோன்றியது.

எங்கள் பக்கம் எதிரே இருந்தது வெறும் காலாட்படை, குட்டை ஈட்டிக்காரர்கள். எங்கள் அணி நெருங்க நெருங்க அவர்கள் இரண்டாகப் பிரிந்து ஒதுங்கினார்கள். கதவு திறப்பது போல இருந்தது. பின்னால் பீரங்கிகள் இருந்தன.

அந்தச் சத்தத்தை என்னால் சொல்ல முடியாது. சத்தம் வருவதற்கு முன்பே முன்வரிசை இல்லாமல் போயிருந்தது. எங்கள் அணியின் தலைவர் முதல் வெடியிலேயே விழுந்தார். புகை வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. புகைக்குள்ளிருந்து ஆள் இல்லாத குதிரைகள் ஓடி வந்தன, சேணம் வயிற்றுக்குக் கீழே தொங்க. நான் எண்ணவில்லை. ஒவ்வொரு குதிரையின் நெற்றியையும் பார்த்தேன். யோல்குலியின் குதிரைக்கு நெற்றியில் வெள்ளை இருக்கும்.

அது வரவில்லை. நான் புகைக்குள் போனேன்.

"அக்கா, போகாதீங்க," என்று கத்திக்கொண்டே கரகோஸும் பின்னால் வந்தான். ஏன் வந்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

குதிரை செத்துக் கிடந்தது. அதன் கீழே யோல்குலியின் கால். மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது. வாள் உறையிலேயே இருந்தது, எடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் குதிரையின் கழுத்தைத் தூக்கி அவரை இழுத்தோம். கால் வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. அவர் கத்தவில்லை. "ஷா எங்கே? ஷா பத்திரமா?" என்று மட்டும் கேட்டார்.

"பத்திரமா இருக்காரு," என்றேன். எனக்கு எதுவும் தெரியாது. பிறகுதான் கேள்விப்பட்டோம், கையில் குண்டுக் காயத்தோடு அவர் தப்பிப் போய்விட்டார் என்று.

யோல்குலியை என் குதிரையின் குறுக்கே போட்டோம். வடக்கே ஒரு பள்ளத்தாக்கு, வறண்ட ஓடை. அதன் வழியாகப் போனால் மலைக்குள் மறையலாம். ஆனால் ஓடையின் வாயில் சுல்தானின் குதிரைக்காரர்கள் நின்றிருந்தார்கள், சிவப்புத் தொப்பி கண்டால் வெட்டுகிறவர்கள். கரகோஸ் தோளிலிருந்த தன் வெள்ளைத் தொப்பியை உதறித் தலையில் வைத்துக்கொண்டான். கயிறு எடுத்து என் கைகளைக் கட்டினான்.

"அக்கா, மன்னிச்சிக்குங்க. தல குனிஞ்சே வாங்க."

குதிரைக்காரர்கள் வழி மறித்தார்கள். கரகோஸ் அவர்கள் மேலேயே எரிந்து விழுந்தான். அப்படி ஒரு குரல் அவனிடம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

"எங்கடா போயிருந்தீங்க எல்லாரும்? செருப்பு இல்லாத நான் சண்ட போட்டு ரெண்டு பேரப் பிடிச்சிருக்கேன், நீங்க குதிரமேல உக்காந்து வேடிக்க பாக்கறீங்க. இவன் பெரிய இடம், உயிரோட கொண்டு போனா பரிசு. தொட்டீங்கன்னா எங்க கொப்பரைக்காரங்ககிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்."

"முகாம் அந்தப் பக்கம் இருக்குடா. இங்க எங்க போற?"

"ஓடையில தண்ணி இருக்கான்னு பாக்கப் போறேன். செத்துட்டா பரிசு யாரு குடுப்பா, நீயா?"

அவர்கள் சிரித்து வழி விட்டார்கள். ஜானிசரிகளோடு வம்புக்குப் போக யாருக்கும் மனமில்லை போலும்.

ஓடையின் வளைவுக்கு அப்பால் அவன் என் கட்டை அவிழ்த்தான். நின்றுவிட்டான்.

"நான் இதுக்கு மேல வரலக்கா."

"திரும்பிப் போனா ஒன்ன தூக்குல போடுவாங்க."

"பிடிச்சிட்டுப் போனாங்கன்னு சொல்வேன். எங்க கொப்பரை அங்க இருக்கு. என் ஆளுங்க அங்க இருக்காங்க. உங்க மலையில வந்து நான் யாரு?" அவன் தயங்கினான். "ஆனா வெறுங்கையோட போனா நம்ப மாட்டாங்க. ஒருத்தனக் கொன்னுட்டுத் தப்பி வந்தேன்னு காட்டணும்."

அவன் பார்வை யோல்குலியின் தலைமேல் இருந்தது. எனக்குப் புரிந்தது. யோல்குலிக்கும் புரிந்தது. குதிரையின் குறுக்கே கிடந்தபடியே இரண்டு கைகளாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தலைய எடுத்துக்கடா," என்றார். "இத விடு."

"அண்ணே, தல எனக்கு வேண்டாம்ணே."

"அய்னா, குடுக்காத. குடுத்தா நான் செத்தவன்."

"செத்தவன்னு அவங்க நெனக்கட்டும்," என்றேன். "அதான் வேணும்."

அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கால் உடைந்தபோது கத்தாத மனிதர் அப்போது சத்தம் போட்டார். அந்தச் சத்தம் ஓடையில் எதிரொலித்தது. தொப்பியை நான் கரகோஸிடம் கொடுத்தேன். அவன் அதை வாங்கி முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், பன்னிரண்டு மடிப்புக்கும் என்ன அர்த்தம் என்று தெரிந்தவன் மாதிரி. பிறகு அதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, நொண்டியபடியே போனான். அவனை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை.

அராஸ் கரையில், நக்சிவான் பக்கம், விரட்டப்பட்ட ஊர்கள் எல்லாம் வண்டிகளை வட்டமாக நிறுத்திக் குடியிருந்தன. ஊர் ஊராகத் தேடி அக்புலாக் ஊர்க்காரர்களைக் கண்டுபிடித்தோம். நாங்கள் விரட்டியவர்கள்தான் அவர்கள். வண்டிகளுக்கு நடுவே நான் குதிரையை நடத்திப் போனபோது பெண்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருத்தி துப்பினாள். வெறும் தலையோடு ஒரு செந்தலையர் குதிரைமேல் கிடப்பதைப் பார்த்ததும், அடுத்தவள் துப்பவில்லை.

அண்ணன் வந்தான். யோல்குலியைப் பார்த்தான், அவர் காலைப் பார்த்தான், தலையைப் பார்த்தான். ஜெயித்தீர்களா என்று கேட்பான் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் தன் தலைத்துணியை அவிழ்த்து மாப்பிள்ளையின் தலையில் சுற்றினான்.

"வெயிலு அடிக்குது மாப்ள," என்றான்.

அந்த ஒன்றரை நாளில் அறுத்த கோதுமையில் அண்ணி ரொட்டி சுட்டாள். யோல்குலி தொடவில்லை. அண்ணி ரொட்டியை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். "தின்னுங்க. நீங்க நாள் குடுத்து, உங்க ஆளுங்க அறுத்ததுதான்," என்றாள். அந்த நாற்பது பேரில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தார், மென்றார், அழுதார், மென்றுகொண்டே அழுதார். பிள்ளைகளை அண்ணி வெளியே அனுப்பினாள்.

எலும்பு சேர்த்துக் கட்டுகிற ஆள் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. யோல்குலி படுத்தபடியே இருந்தார். அப்படிப் படுக்கத் தெரியாத மனிதர். கூடாரத் துணி அசைந்தால் யார் என்பார். குதிரைச் சத்தம் கேட்டால் முழங்கையை ஊன்றி எழப் பார்ப்பார். எனக்கும் அடுப்பருகே உட்கார முடியவில்லை. குடத்தில் தண்ணீர் இருக்கும்போதே மறுபடி ஆற்றுக்குப் போவேன். சுல்தான் தப்ரீஸுக்குள் நுழைந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அடுத்து எங்கே வருவார்கள், எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒவ்வொரு வண்டியிலும் பேச்சு.

இலையுதிர் காலம் தொடங்கும்போது தப்ரீஸிலிருந்து ஓர் ஒட்டகக்காரர் வந்தார். சுற்றி உட்கார்ந்தோம்.

"திரும்பிப் போயிட்டாங்க," என்றார் அவர்.

"யாரு?"

"சுல்தானும் படையும்தான். ஒரு வாரம், பத்து நாள் இருந்திருப்பாங்க. குளிர்காலத்த இந்தப் பக்கமே கழிச்சிட்டு வசந்தத்துல ஷாவ முழுசா முடிச்சிடலாம்னு சுல்தானுக்கு எண்ணம். காலாட்படை மாட்டேன்னுடுச்சு. திங்க ரொட்டி இல்ல, குதிரைக்கு வைக்கோல் இல்ல, வந்த வழியெல்லாம் சாம்பல், எங்களால ஆகாதுன்னு உக்காந்துட்டாங்களாம். வேற வழி இல்லாம மேற்கே கெளம்பிட்டாரு."

யாரோ கைதட்டினார்கள். யோல்குலி கூடாரத்துக்குள்ளிருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும். நான் உள்ளே போனபோது அவர் உட்கார்ந்திருந்தார்.

"அய்னா, இத யாருகிட்ட போய்ச் சொல்றது?"

நான் அவர் காலுக்கு அடியில் இருந்த துணியைச் சரிசெய்தேன்.

"அன்னைக்கு அந்தக் கூடாரத்துல சிரிச்சாங்களே, அவங்கள்ல பாதிப் பேரு சால்திரான்லயே கிடக்கறாங்க. மீதிப் பேரு என் மொகத்தப் பாக்க மாட்டாங்க. தீதான் சுல்தானத் திருப்பி அனுப்பிச்சிருக்கு. சண்டையே வேண்டியிருந்திருக்காது. ஒரே ஒரு மாசம்." அவர் சிரித்தார், சிரிப்பு நடுவிலேயே நின்றுபோனது. "என்னால சந்தோஷப்படவும் முடியல, பாத்தியா?"

தப்ரீஸ் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் மேற்கே எர்சின்ஜான் பக்கத்து நிலமெல்லாம் சுல்தானுடைய கையில் நின்றுவிட்டது. அக்புலாக்கும் அதில் போனது. ஒரு பகல் வெட்டவெளியில் நடந்த சண்டை எல்லையை எங்கள் குடும்பத்துக்கு நடுவில் கொண்டுவந்து போட்டுவிட்டது.

அண்ணன் திரும்பிப் போக முடிவு செய்தான்.

"அங்க செந்தலையர்னு தெரிஞ்சா வெட்டறாங்கண்ணே," என்றேன்.

"நான் எங்க செந்தலையரு? நான் உழுது பொழைக்கற சம்சாரி. யாரு வந்தாலும் வரி கேப்பாங்க, குடுப்பேன். பனி விழறதுக்கு முன்னால உழுது போடலேன்னா அடுத்த வருஷமும் பிச்சைதான்." அவன் மாட்டின் கழுத்துப் பட்டையை இழுத்துப் பார்த்தான். "நீயும் வா. அண்ணியும் சொல்றா."

"அவரு?"

அண்ணன் கூடாரத்தைப் பார்த்தான். சுல்தானின் ஆட்கள் கண்டால் யோல்குலிக்குத் தலை போகும். சுல்தானின் ஆட்கள் காணாவிட்டாலும், வழியில் இருக்கிற ஒவ்வொரு ஊரும் அவர் முகத்தை அறியும். யார் வயலில் யார் தீ வைத்தது என்பதை சனங்கள் மறப்பதில்லை.

"அவரு வர முடியாது," என்றான்.

"அப்பறம் நான் எப்படி வருவேன்?"

"தெரியும். இருந்தாலும் கேக்கணும்ல."

வண்டிகள் கிளம்பிய காலையில் அண்ணன் கூடாரத்துக்குள் போனான். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அண்ணன் முகம் சிவந்திருந்தது. அண்ணி என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு மூட்டைக் கோதுமையை இறக்கி வைத்தாள். வேண்டாம், விதைக்கு வேண்டும் என்றேன். அண்ணி கேட்கவில்லை.

நான் வண்டியோடு நடந்தேன். கொஞ்ச தூரம் என்று நினைத்துத்தான் நடந்தேன். ஆற்றுத் துறை வந்தது, நின்றிருக்கலாம். நிற்கவில்லை. துறையைத் தாண்டியும் நடந்தேன். அண்ணன் மாட்டை நிறுத்தினான்.

"போதும்மா. திரும்பிப் போ."

"அந்த மேடு வரைக்கும்."

"அந்த மேட்டுக்கு அப்பறம் இன்னொரு மேடு சொல்லுவ. போ."

நின்றேன். வண்டிகள் மேட்டில் ஏறி ஒவ்வொன்றாக மறைந்தன. மாட்டைத் திட்டுகிற சத்தம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

நான் திரும்பி வந்தபோது யோல்குலி கூடாரத்தை எப்படியோ ஒரு காலால் பிரித்துச் சுருட்டிக் கட்டியிருந்தார். குதிரைமேல் ஏற முயன்றுகொண்டிருந்தார். கோணல் கால், சேணத்தில் தொங்கும் அங்கவடிக்கு எட்டவில்லை. இரண்டு முறை வழுக்கினார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மூன்றாவது முறையும் முயன்றார்.

நான் போய்த் தோளைக் கொடுத்தேன். என்னை அழுத்திக்கொண்டு ஏறினார். ஏறி உட்கார்ந்ததும் மூச்சு வாங்கினார்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"எந்தப் பக்கம் போகலாம்?" என்று கேட்டார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எனக்கும் தெரியவில்லை. கிழக்கே கராபாக் மலைச்சரிவில் குளிர்காலப் புல் இருக்கும் என்று சொல்லிக் கேள்வி. குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாக நடக்கத் தொடங்கினேன்.